காவல்துறைச் சொல்லாட்சியில் தன்பாலீர்ப்பு: பண்பும் செயலும்

1. முன்னுரை

தன்பாலீர்ப்புடையோருக்கும் காவல்துறைக்கும் உள்ள உறவைப் பற்றி இந்தியாவில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை, காவலரைக் கைது செய்பவராகவும் தன்பாலீர்ப்புடையவரைக் கைது செய்யப்படுபவராகவும் வைத்தே பேசுகின்றன. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 377ஆம் பிரிவின் வழியாகக் காவலர் கையில் ஓர் அதிகாரத்தை ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக வைத்திருந்தமையால் இந்நோக்கு இயல்பாக உருவாயிற்று. ஆயின் சீருடை அணிந்தவரே தன்பாலீர்ப்புடையவராக இருக்கலாம் என்னும் எளிய உண்மை இந்நோக்கில் மறைந்துபோகிறது. அவர் காவல் நிலையத்தில் எதிர்கொள்ளும் ஏளனம், இடமாற்றம், பணிநீக்கம் ஆகியவை தனி ஆய்வுப்பொருளாக அரிதாகவே கருதப்படுகின்றன.

உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் நாள் நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் அளித்த தீர்ப்பால், வயது வந்தோர் தம் இசைவுடன் கொள்ளும் உறவு குற்றமாகாது என்பது நிலைபெற்றது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்கிதாவில் 377ஆம் பிரிவுக்கு இணையான பிரிவே இல்லை. குற்றவியல் சட்டத்தில் அடைந்த இம்மாற்றம் துறைசார் ஒழுங்கு விதிகளின் மொழியில் எவ்வளவு தூரம் இடம்பெற்றுள்ளது என்பதை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். உத்தரப் பிரதேச ஊர்க்காவல் படையினர் ஒருவரின் பணிநீக்கத்திற்குக் கூறப்பட்ட காரணம், தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளில் 2022இல் சேர்க்கப்பட்ட 24-சி விதி, இப்பொருள் குறித்த தமிழ்ச் சொற்கள் ஆகிய மூன்றும் இங்கே திறனாய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. தமிழ், மராத்தி, இந்தி ஆகிய மூன்று மொழிகளும் ஒரே தெருவில் புழங்கும் மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகள் இச்சிக்கலின் மொழிப் பரிமாணத்தை விளக்கத் துணைபுரிகின்றன.

2. புலந்த்ஷகர் வழக்கு: ஒரு காரணத்தின் சொல்லமைப்பு

ஊர்க்காவல் படை 1946 டிசம்பரில் பம்பாயில் தோற்றுவிக்கப்பட்டது. கலவரக் காலங்களில் காவல்துறைக்குத் துணைநிற்பதற்காக எழுந்த இத்தன்னார்வப் படை பின்னர்ப் பல மாநிலங்களிலும் அமைக்கப்பட்டது. இதன் உறுப்பினர்கள் மாதச் சம்பளம் பெறும் நிலையான காவலர்கள் அல்லர். பணி செய்யும் நாளுக்கு மதிப்பூதியம் பெறுபவர்கள். எனவே காவலருக்குரிய பணிப் பாதுகாப்பும் இவர்களுக்கு முழுமையாக இல்லை. துறையின் எண்ணம் எந்த வடிகட்டலுமின்றி வெளிப்படும் இடமாக இத்தகைய விளிம்புநிலைப் பணிகள் அமைவதுண்டு.

உத்தரப் பிரதேசத்தின் புலந்த்ஷகர் மாவட்டத்தில் பணியாற்றிய ஊர்க்காவல் படையினர் ஒருவர், அவருடைய துணைவருடன் காணப்பட்ட ஒரு காணொளியை ஒட்டிப் பணியிலிருந்து விலக்கப்பட்டார். மாவட்டக் கமாண்டன்ட் பிறப்பித்த ஆணையின் நாள் 2019 சூன் 11. நவ்தேஜ் தீர்ப்பு வெளிவந்து ஒன்பது மாதங்கள் கடந்த பின்னரே இவ்வாணை பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது. அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது, அதிகாரி தரப்பில் அளிக்கப்பட்ட எதிர் உறுதிமொழி ஆவணம், மனுதாரரின் பாலீர்ப்பைத் தகாத செயலில் ஈடுபடுதல் என்னும் பொருளில் குறிப்பிட்டது. நீதிபதி சுனிதா அகர்வால் 2021 பிப்ரவரி 2ஆம் நாள் அளித்த தீர்ப்பில், இக்கூற்று உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு முற்றிலும் முரணானது எனக் கண்டு ஆணையை நீக்கினார். மனுதாரரை உடனே பணியில் மீண்டும் சேர்க்குமாறும், அவருக்குச் சேரவேண்டிய தொகைகளை வழங்குமாறும் இலக்னோவிலுள்ள ஊர்க்காவல் படைத் தலைமைக்கு உத்தரவிட்டார்.

சட்டநூலார்க்கு இத்தீர்ப்பின் முதன்மை அதன் முடிவில் உள்ளது. மொழிநூலார்க்கு அதிகாரியின் சொல்லமைப்பே முதன்மையானது. பாலீர்ப்பு என்பது ஒருவரிடம் உள்ள தன்மை. செயல் என்பது ஒருவர் செய்வது. அதிகாரியின் கூற்று முன்னதைப் பின்னதாக மாற்றிவிடுகிறது. இம்மாற்றம் தற்செயலானதன்று. நடத்தை விதிகள் நடத்தையை மட்டுமே ஆள இயலும். ஒருவரின் உயரத்தையோ தாய்மொழியையோ ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்படுத்த இயலாது. தன்மையைத் தண்டிக்க வேண்டுமாயின் முதலில் அதைச் செயலாகப் பெயரிட்டாக வேண்டும். அவ்வாறு பெயரிட்டவுடன் பிற அனைத்தும் வழக்கமான அலுவலக நடைமுறையாகவே நிகழ்ந்துவிடுகின்றன. குறிப்பாணை அனுப்புவதும் விளக்கம் கேட்பதும் ஆணை பிறப்பிப்பதும் தனித்தனியே பார்க்குமிடத்துக் குறையற்றவை. குறை முதற்சொல்லில் உள்ளது.

தீர்ப்பின் மொழியிலும் ஓர் இடைவெளி உண்டு. பொதுவிடத்தில் துணைவர்பால் காட்டும் அன்பு அநாகரிகமாகவோ பொது ஒழுங்கைக் குலைப்பதாகவோ அமையாத வரையில், பெரும்பான்மையோரின் கண்ணோட்டம் அதைத் தடுக்க முடியாது என்னும் பொருளில் நீதிமன்றம் கூறிற்று. அநாகரிகம் எது என்பதை முதற்கண் முடிவு செய்பவர் மீண்டும் அதே மேலதிகாரியே ஆவார். இச்சொல் எவ்வளவு நெகிழக்கூடியது என்பதற்கு மும்பையிலேயே சான்று உண்டு. 2015 ஆகஸ்டில் மட் தீவு, அக்சா பகுதி விடுதிகளில் தங்கியிருந்த ஆண் பெண் இணையர் பலரைக் காவலர் அழைத்துச் சென்று, பொதுவிடத்தில் அநாகரிகமாக நடத்தல் பற்றிய மாநிலக் காவல் சட்டத்தின் 110ஆம் பிரிவின்கீழ் நடவடிக்கை எடுத்தனர். தாழிட்ட விடுதி அறையே பொதுவிடமாகக் கொள்ளப்பட்டது. எதிர்ப்பாலினத்தவரின் இணைக்கே இவ்வாறு பொருள் விரிக்கப்படுமாயின், தன்பால் இணைக்கு, அதுவும் துறையினுள் பணிபுரியும் ஒருவருக்கு, அது எவ்வளவு விரியும் என்பதை ஊகித்தறியலாம்.

3. தமிழ்ச் சொற்களில் இவ்வேறுபாடு

தன்மையையும் செயலையும் வேறுபடுத்திக் காணும் மரபு தமிழ் இலக்கணத்திற்குப் புதிதன்று. நன்னூல் பெயர்களைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என ஆறாகப் பகுக்கிறது. குணப்பெயரும் தொழிற்பெயரும் அங்கே தனித்தனி வகைகள். இந்நோக்கில் இப்பொருள் குறித்து வழங்கும் இரு சொற்களை ஒப்பிடலாம்.

நாளிதழ்களும் அலுவலக ஆவணங்களும் நீண்டகாலமாகப் பயன்படுத்திவந்த சொல் ஓரினச்சேர்க்கை என்பதாகும். இதன் தலைமைக்கூறு 'சேர்க்கை' என்னும் தொழிற்பெயர். இச்சொல் ஒருவர் யார் என்பதைக் கூறாமல் அவர் என்ன செய்கிறார் என்பதைக் கூறுகிறது. அதுவும் உடலுறவு ஒன்றையே கூறுகிறது. ஒருவர் ஓரினச்சேர்க்கையாளர் என்று எழுதப்படும்போது, அவர் எதையும் செய்திருக்க வேண்டிய தேவையின்றியே ஒரு செயலின் செய்வோனாக ஆக்கப்படுகிறார். இவ்வாறு, புலந்த்ஷகர் அதிகாரி ஒரு தொடரால் செய்ததைத் தமிழ் ஒரு சொல்லாலேயே செய்துவந்துள்ளது எனலாம்.

அண்மையில் வழக்குப்பெற்ற தன்பாலீர்ப்பு என்னும் சொல்லின் தலைமைக்கூறும் உருபனியல் நோக்கில் தொழிற்பெயரே. ஈர் என்னும் வினையடியிலிருந்து பிறந்ததே ஈர்ப்பு. எனினும் தொடரியல் நோக்கில் இரண்டும் வேறுபடுகின்றன. 'அவருக்கு இசையில் ஈர்ப்பு உண்டு' என்னும் தொடரில் ஈர்ப்புக்கு உரியவர் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கிறார். 'எனக்குப் பசிக்கிறது', 'அவளுக்குத் தெரியும்' முதலிய தொடர்களிலும் இவ்வமைப்பே உள்ளது. தமிழில் இவ்வமைப்பு, ஒன்றை வேண்டுமென்றே செய்பவரைக் குறிக்காது, ஒன்று தமக்கு நிகழப்பெறுபவரைக் குறிக்கும். பசித்தவரைப் பார்த்து ஏன் பசித்தாய் என வினவுவார் இலர். மாறாகச் சேர்க்கை, செயல், நடத்தை ஆகியவை ஈடுபடு என்னும் வினையோடு சேர்ந்து எழுவாயை எதிர்பார்க்கின்றன. அவர் ஈடுபட்டார் எனும்போது ஏன் ஈடுபட்டார் என்னும் வினாவுக்கு வாயில் திறக்கிறது.

ஈடுபடு என்னும் வினையின் வரலாறும் கருதத்தக்கது. வைணவ உரைமரபில் ஈடுபாடு என்பது உள்ளம் ஒன்றில் ஆழ்ந்து நிற்றலைக் குறிக்கும். இன்றைய காவல்துறைத் தமிழில் குற்றச்செயலில் ஈடுபட்டார், தகராறில் ஈடுபட்டார் என அது குற்றத்தின் துணைவினை போலவே வழங்குகிறது. இவ்வினையோடு இணையும் எப்பெயரும் பாதிக் குற்றமாகவே காவல் நிலையத்தில் ஒலிக்கிறது.

இன்னொரு சொற்குடும்பமும் இங்கே இடர் விளைவிக்கிறது. ஒழுக்கம், ஒழுங்கு ஆகிய இரு சொற்களும் ஒழுகு என்னும் வினையோடு தொடர்புடையவை. தனிமனித அறத்தைக் குறிப்பது ஒழுக்கம். படையின் கட்டுப்பாட்டைக் குறிப்பது ஒழுங்கு. ஆங்கிலத்தில் இக்கருத்துகளுக்கு ஒலியுறவு இல்லாத இரு வேறு சொற்கள் உள்ளன. தமிழில் ஒழுக்கக்கேடு என்பதிலிருந்து ஒழுங்கீனம் என்பதற்குச் செல்ல ஓரடி போதும். பணிக்குத் தாமதமாக வருவதும் ஒழுங்கீனம். மேலதிகாரிக்குப் பிடிக்காத வாழ்க்கையை வாழ்வதும் ஒழுங்கீனம் என்னும் மயக்கம் இவ்வண்ணம் எழுகிறது. சொல் மட்டுமே இம்மயக்கத்திற்குக் காரணமன்று. ஆயின் மயங்க விரும்புவோர்க்கு அது உதவுகிறது.

4. விதி 24-சி: ஒரு நெருங்கிய வாசிப்பு

மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள் சென்னைக்கு வந்து, காவல்துறை விசாரணையிலிருந்து பாதுகாப்புக் கோரித் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 சூன் 7ஆம் நாள் விரிவான ஆணை ஒன்றைப் பிறப்பித்தார். இப்பொருளை அறிந்துகொள்ளும் பொருட்டு உளவியலறிஞர் ஒருவரிடம் தாமே அறிவுரை அமர்வு மேற்கொண்டதை அவர் வெளிப்படையாகப் பதிவு செய்தமை நீதித்துறை வரலாற்றில் அரிய நிகழ்ச்சியாகும். இவ்வழக்கின் தொடர்ச்சியாக இரு பயன்கள் விளைந்தன. தமிழ்நாடு சார்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகள், 1964இல் 24-சி என்னும் விதி 2022 பிப்ரவரியில் சேர்க்கப்பட்டது. மதிப்புக் குறையாத சொற்களைக் கொண்ட கலைச்சொற்பட்டியல் ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் வெளியிட்டது.

24-சி விதியின் கருத்து வருமாறு: காவல் அலுவலர் எவரும் பால்புதுமையர் சமூகத்தைச் சேர்ந்த எந்த நபரையும், அச்சமூகத்தின் நலனுக்காகப் பணிபுரிவோரையும் துன்புறுத்தும் செயலில் ஈடுபடலாகாது. அதனோடு ஒரு விளக்கமும் இணைக்கப்பட்டுள்ளது. சட்டம் வகுத்த நடைமுறைப்படி விசாரணை மேற்கொள்ளும் காவல்துறையின் உரிமை துன்புறுத்தலில் அடங்காது என்பது அவ்விளக்கம்.

இவ்விதியின் சிறப்பு முதலில் கூறத்தக்கது. ஈடுபடுதல் என்னும் வினையின் எழுவாய் இங்கே மாறிவிட்டது. புலந்த்ஷகரில் ஈடுபட்டவராகச் சுட்டப்பட்டவர் தன்பாலீர்ப்புடையவர். இங்கே ஈடுபடுபவராகச் சுட்டப்படுபவர் துன்புறுத்தும் காவலர். தண்டிக்கத்தக்க செயல் எது என்பதைத் துறையின் விதியே திருத்தி எழுதியிருப்பது பாராட்டுக்குரியது. எனினும் துறையினுள் பணிபுரிபவரை மனத்திற்கொண்டு இவ்விதியைப் படிக்கும்போது மூன்று குறைகள் தோன்றுகின்றன.

முதலாவது, 'எந்த நபரையும்' என்னும் தொடரின் பரப்பு. சொல்லளவில் இத்தொடர் உடன் பணிபுரியும் காவலரை விலக்கவில்லை. ஆகவே ஓர் ஆய்வாளர் தம் கீழுள்ள காவலரைப் பாலீர்ப்பின் பெயரால் துன்புறுத்துவாராயின் இவ்விதி பொருந்தும் என வாதிட முடியும், வாதிடவும் வேண்டும். ஆயின் விதி பிறந்த சூழல் காவலருக்கும் பொதுமக்களுக்கும் இடையே எழுந்த வழக்கு. படிப்போர் மனத்தில் நபர் என்பது சீருடை அணியாதவர் என்றே பதிகிறது. சூழல் சொல்லின் பொருளைச் சுருக்கும் இந்நிலையில், சுருங்காதவாறு காப்பதற்கு வெளிப்படையான சொல் தேவை.

இரண்டாவது, விசாரணை என்னும் சொல்லின் இருபொருள். பொதுமக்களை நோக்கின் அது புகார் குறித்த புலனாய்வு. காவலரை நோக்கின் அது துறைசார் விசாரணை. தமிழ்நாட்டில் 1955ஆம் ஆண்டின் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின்கீழ் அளிக்கப்படும் குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் அதனைத் தொடரும் விசாரணையும் காவலரின் பதவி உயர்வையும் ஊதிய உயர்வையும் பாதிக்க வல்லவை. நேரடியாக ஏசுவதைவிடக் குறிப்பாணை அளிப்பதே துறையினுள் வலிமையான துன்புறுத்தல் என்பதைக் காவலர் எவரும் அறிவர். விதியின் விளக்கமோ, நடைமுறைப்படி நிகழும் விசாரணை துன்புறுத்தல் அன்று என்கிறது. பொதுமக்கள் தொடர்பில் நியாயமான இவ்விலக்கு, துறையினுள் அதே துன்புறுத்தலுக்கு மறைவிடமாக அமையக்கூடும்.

மூன்றாவது, 'சமூகத்தைச் சேர்ந்த' என்னும் பெயரெச்சத் தொடர். இது பாதுகாப்பை உறுப்பினராதலோடு பிணைக்கிறது. விதியின் பயனைக் கோரும் காவலர் தாம் அச்சமூகத்தைச் சேர்ந்தவர் என முதலில் அறிவிக்க வேண்டிவரும். அறிவித்தால் இடர் வரும் என்பதாலேயே அவருக்குப் பாதுகாப்புத் தேவைப்படுகிறது. மேலும் தன்பாலீர்ப்பு இல்லாத ஒருவரும், திருமணம் செய்துகொள்ளவில்லை என்பதற்காகவோ நடை மென்மையானது என்பதற்காகவோ அவ்வாறு கருதப்பட்டு ஏளனத்திற்கு ஆளாகலாம். அவருக்கு இவ்விதியில் இடம் உண்டா என்னும் ஐயம் எழுகிறது. பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், ஒருவர் இன்னார் என்பதை முன்னிறுத்தாமல், வேறுபாடு எதன் காரணமாகக் காட்டப்பட்டது என்பதை முன்னிறுத்துகிறது. அதனால் அவ்வாறு கருதப்பட்டவரும் பாதுகாப்புப் பெறுகிறார். பெயரெச்சம் இருந்த இடத்தில் காரணப்பொருள் தரும் தொடர் வருவது சிறிய இலக்கண மாற்றமே. காவலர் ஒருவர் வாய்திறக்கக்கூடுமா இல்லையா என்பது அதனைச் சார்ந்துள்ளது.

5. மும்பையில்: எண்ணுப்பெயர்களும் இரு மாநிலத்துச் சொற்களும்

தமிழ்நாட்டு விதியும் சொற்பட்டியலும் தமிழ்நாட்டின் எல்லைக்குட்பட்டவை. தமிழ்மொழிக்கு அவ்வெல்லை இல்லை. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழர் சொற்களைத் தமிழ் நாளிதழ்களிலிருந்து பெறுகின்றனர். பணி விதிகளை மகாராட்டிர அரசிடமிருந்து பெறுகின்றனர். மகாராட்டிரக் காவலராகப் பணிபுரியும் ஒருவரின் தாய்மொழி தமிழாயினும் அவருடைய குறிப்பாணையும் விளக்கக் கடிதமும் மராத்தியில் அமையும்.

மராத்தியில் வழங்கும் சமலிங்கி, சமலைங்கிக் ஆகிய சொற்கள் லிங்கம், அதாவது பால், என்பதை அடியாகக் கொண்ட பண்புச் சொற்கள். ஓரினச்சேர்க்கை என்பதிலுள்ள செயற்பொருள் இவற்றில் இல்லை. ஆயினும் இச்சொல்நலம் தன்பாலீர்ப்புடைய மராத்தியக் காவலரைக் காத்துவிட்டது எனக் கருத இயலாது. மகாராட்டிரக் குடிமைப் பணி நடத்தை விதிகள், 1979, அரசுப் பணியாளருக்குத் தகாத எதையும் செய்யலாகாது எனப் பொதுப்பட விதிக்கின்றன. தகாதது எது என்னும் வினா இங்கும் மேலதிகாரியின் மனத்திலேயே விடை பெறுகிறது. சொல் திருந்தியும் விதி திருந்தாமல் இருத்தல் மராத்தி காட்டும் பாடமாகும்.

எழுத்து மொழியைவிடப் பேச்சுமொழி காவல் நிலையத்தில் வலிமை மிக்கது. தமிழில் மென்மையான ஆணை இழித்துரைக்க 'ஒன்பது' என்னும் எண்ணுப்பெயர் வழங்குவதை அனைவரும் அறிவர். மும்பை இந்தியிலும் மராத்தியிலும் அதே பொருளில் 'சக்கா' வழங்குகிறது. சக்கா என்பது ஆறு. கிரிக்கெட்டில் ஆறு ஓட்டம் தரும் அடிக்கும் அதுவே பெயர். இரு மொழிக் குடும்பங்கள் இழிவுரைக்கு எண்ணுப்பெயரைத் தேர்ந்திருப்பது சிந்திக்கத்தக்கது. எண் என்பது அகராதிப்பொருளில் எவரையும் இகழ்வதில்லை. காலை ரோல்காலில் வரிசையெண் சொல்லப்படும்போது குறிப்பிட்ட எண்ணில் எழும் சிரிப்பு எல்லார்க்கும் புரிகிறது. விளக்கம் கேட்கப்பட்டால் சொன்னவர், எண்ணைத்தானே சொன்னேன் என்று கூறித் தப்பிக்கொள்ள முடிகிறது. இகழப்பட்டவரோ அவ்வெண் தம்மைக் குறித்தது என்பதைத் தாமே எடுத்துரைக்க வேண்டியவராகிறார். மறுக்க இயலும் இகழ்ச்சி என்பது இத்தகைய சொற்களின் தனித்தன்மை.

மொழித் தத்துவ அறிஞர் ஜே. எல். ஆஸ்டின், சொல்லுதலே ஒருவகைச் செயல் என்பதை நிறுவினார். அவருடைய கருத்துகள் 1962இல் நூலாக வெளிவந்து பயனிலையியல் ஆய்வுக்கு அடித்தளமாயின. அந்நோக்கில் ரோல்காலில் எழும் சிரிப்பும் துன்புறுத்தும் செயலே. 24-சி போன்ற விதிகள் செயல் என்று மட்டும் கூறி நிற்கும்போது அடித்தலும் இழுத்தலும் மட்டுமே அதில் அடங்கும் எனக் கொள்ளப்படும் வாய்ப்புண்டு. சொல், சைகை, பெயரிட்டழைத்தல் ஆகியவை விதியில் பெயர்பெற்று இடம்பெறுதல் நன்று.

பாலின அடையாளமும் பாலீர்ப்பும் வேறு வேறானவை. காவல்துறையின் நடைமுறையும் இவ்விரண்டையும் வேறுபடுத்தியே நடத்துகிறது. திருநங்கையான பிரித்திகா யாசினி 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பால் உதவி ஆய்வாளர் பணிக்குரிய வாய்ப்பைப் பெற்று 2017இல் பணியேற்றார். மகாராட்டிரத்தின் பீட் மாவட்டக் காவலர் ஒருவர் பாலின அறுவை சிகிச்சைக்கு விடுப்புக் கோரியபோது முதலில் மறுத்த துறை, 2018இல் ஆண் காவலராகத் தொடர இசைந்தது. மும்பையிலுள்ள மகாராட்டிர நிர்வாகத் தீர்ப்பாயம் 2022 நவம்பரில், காவலர் பணி விண்ணப்பத்தில் மூன்றாம் பாலினத்தவருக்கு இடமளிக்குமாறு ஆணையிட்டது. அதனை எதிர்த்துப் பம்பாய் உயர் நீதிமன்றம் சென்ற அரசு, 2022 டிசம்பரில் அதற்கு இசைந்தது. 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டமும் வேலையில் வேறுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது.

இவ்வெற்றிகள் அனைத்தும் விண்ணப்பத்தின் ஒரு கட்டத்தோடு அல்லது மருத்துவச் சான்றோடு தொடர்புடையவை. பாலீர்ப்புக்கு விண்ணப்பத்தில் கட்டம் இல்லை; இருக்க வேண்டியதும் இல்லை. எனவே அது துறைக்கு முறையான வழியில் தெரியவருவதே இல்லை. வதந்தியாகவும் காணொளியாகவும் கைப்பேசியிலிருந்து கசிந்த செய்தியாகவுமே வந்து சேர்கிறது. வரும்போதே குற்றச்சாட்டின் வடிவில் வருகிறது. வேலையில் பாலீர்ப்பின் பெயரால் வேறுபாடு காட்டுவதைத் தடுக்கும் தனிச்சட்டமும் நாட்டில் இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதிக்கப்பட்ட பெண்ணையே மனுதாரராகக் கொள்கிறது. புகாருக்குள்ளானவர் அதே பாலினத்தவராகவும் இருக்கலாம் எனக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2020இல் கூறியமையால் பெண் காவலருக்கு ஒரு வழி உண்டு. ஆண் காவலருக்கு அவ்வழியும் இல்லை.

6. தன்மை இடத்தின் இன்மை

இதுவரை கண்ட ஆவணங்கள் அனைத்திலும் தன்பாலீர்ப்புடைய காவலர் படர்க்கையிலேயே வருகிறார். அவரைப் பற்றி அதிகாரி கூறுகிறார், நீதிமன்றம் கூறுகிறது, விதி கூறுகிறது. நான் எனத் தன்மை இடத்தில் அவர் பேசுவதற்குரிய சூழல் துறையில் இல்லை. பிற நாட்டு வரலாறு இதன் முதன்மையை உணர்த்துகிறது. 1981 நவம்பரில் நியூயார்க் நகர மன்றத்தின் விசாரணையில், தன்பாலீர்ப்புடைய காவலர் எவரையும் தாம் அறியவில்லை எனக் காவலர் சங்கப் பிரதிநிதி கூறியதை அடுத்து, சார்ஜன்ட் சார்லஸ் காக்ரேன் எழுந்து தாம் காவலராக இருப்பதிலும் தன்பாலீர்ப்புடையவராக இருப்பதிலும் ஒப்பப் பெருமை கொள்வதாகத் தெரிவித்தார். மறு ஆண்டே அங்கே அத்தகைய காவலர்களின் சங்கம் தோன்றிற்று. பிரித்தானியாவில் இத்தகைய சங்கம் 1990இல் அமைந்தது.

இந்தியாவில் 1966ஆம் ஆண்டின் காவல் படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம், உரிய அனுமதியின்றிக் காவலர் தொழிற்சங்கங்களிலும் படையின் பகுதியாக ஏற்கப்படாத பல அமைப்புகளிலும் சேர்வதையும் இதழ்களுக்குச் செய்தி அளிப்பதையும் தடுக்கிறது. மும்பையில் 1990இல் பம்பாய் தோஸ்த் இதழும், 1994இல் ஹம்சஃபர் அறக்கட்டளையும் தோன்றித் தன்பாலீர்ப்புடையோர் தம்மைப் பற்றித் தாமே பேசும் வழக்கத்தை உருவாக்கின. அந்நகரின் காவலர் அப்பேச்சில் வெளிப்படையாகக் கலந்துகொள்ள இச்சட்டம் எளிதில் இடம் தருவதில்லை. ஆகவே அவருக்காகப் பேசும் பொறுப்பு விதியின் மொழிக்கே வந்து சேர்கிறது. பிறருக்குச் சங்கம் செய்வதை இவருக்கு விதியின் சொல் செய்தாக வேண்டும்.

படையின் ஒழுங்குக்கு இது ஊறு விளைவிக்கும் எனக் கூறுவோர் உளர். மறைத்து வாழும் காவலரை மிரட்டிப் பணியவைத்தல் எளிது என்பதும் அவர் வாதம். பிரித்தானியப் படையினர் தொடர்பான வழக்குகளில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1999 செப்டம்பரில் இத்தகைய வாதங்களை ஏற்க மறுத்தது. 2000 சனவரியில் அங்கே தடை நீங்கிற்று. மிரட்டலுக்கு இடம் தருவது ஈர்ப்பு அன்று. அதனை மறைக்கச் செய்யும் அச்சமே. அச்சத்தை நீக்கினால் மிரட்டுவோர் கையிலுள்ள கருவியும் நீங்கும்.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகளை இவ்வாறு தொகுத்துரைக்கலாம். துறையினுள் தன்பாலீர்ப்புடைய காவலருக்கு எதிரான வேறுபாடு, ஒரு பண்பைச் செயலாகப் பெயரிடும் மொழி நிகழ்விலிருந்து தொடங்குகிறது. ஓரினச்சேர்க்கை என்னும் தமிழ்ச்சொல்லும் ஒழுக்கம், ஒழுங்கு ஆகியவற்றின் நெருக்கமும் அந்நிகழ்வுக்குத் துணைபோகின்றன. தமிழ்நாட்டின் 24-சி விதி சரியான திசையில் எடுத்துவைக்கப்பட்ட அடி. எனினும் அது பொதுமக்களை நோக்கியதாகவே நின்றுவிடும் வாய்ப்புள்ளது. மகாராட்டிரக் காவலருக்கு அத்தகைய விதியும் வேண்டும்.

விதியில் செய்யத்தக்க திருத்தங்கள் சில. எந்த நபரையும் என்பதன் பின் உடன் பணிபுரிவோர் உட்பட என்னும் சொற்கள் சேர வேண்டும். சமூகத்தைச் சேர்ந்த என்பதனோடு, பாலீர்ப்பின் காரணமாகவோ அவ்வாறு கருதப்பட்டதன் காரணமாகவோ என்னும் தொடர் இணைய வேண்டும். பாலீர்ப்பை மட்டுமே அடிப்படையாகக் கொண்டு தொடங்கப்படும் துறைசார் விசாரணை, விதியின் விளக்கத்திலுள்ள விலக்கிற்குள் வாராது எனத் தெளிவுபடுத்த வேண்டும். இழிசொல்லும் பெயரிட்டழைத்தலும் துன்புறுத்தலில் அடங்கும் எனக் கூற வேண்டும். நவ்தேஜ் தீர்ப்பில் நீதிபதி நாரிமன், காவல் அலுவலருக்குக் குறிப்பாக அவ்வப்போது விழிப்புணர்வுப் பயிற்சி அளிக்குமாறு பணித்துள்ளார். அப்பயிற்சியில் பொதுமக்களிடம் நடந்துகொள்ளும் முறையோடு, காவலர் தம்முள் வழங்கும் சொற்களும் பாடமாக அமைதல் வேண்டும்.

சொல் மாறினால் மனம் தானே மாறிவிடும் என்பது மிகையான எதிர்பார்ப்பு. 2023 மார்ச்சில் கோயம்புத்தூரில் திருநங்கைக் காவலர் ஒருவர், தாம் பாலினத்தின் பெயரால் துன்புறுத்தப்பட்டதாகக் கூறிப் பணிவிலகல் கடிதம் அளித்தபோது, 24-சி விதி நடைமுறைக்கு வந்து ஓராண்டு கடந்திருந்தது. ஆயினும் புலந்த்ஷகர் ஊர்க்காவல் படையினர் மீண்டும் பணியில் சேருமாறு ஆணை பெற்றது, அவரைப் பற்றி எழுதப்பட்ட ஒரு தொடரை நீதிமன்றம் தவறு எனக் கண்டமையால்தான். ஒருவரின் வேலையைப் பறிக்கவும் மீட்கவும் வல்ல அத்தகைய தொடர்கள் தமிழிலும் மராத்தியிலும் ஒவ்வொரு நாளும் எழுதப்பட்டு வருகின்றன. அவற்றை ஆராய்வது மொழியியலார் கடமைகளுள் ஒன்றாகும்.